வலிக்குது, வலிக்குது: ஜின்சூ ஆற்றின் கதை

1.
ஞாயிற்றுக்கிழமை. ஓபி கிடையாது. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த ஒரு விஷயத்தை இன்னிக்கு எழுதிடறேன்.

ஜப்பான்ல ஒரு ஆறு. பேரு ஜின்சூ. மொத்த நீளமே 120 கிலோமீட்டர்தான். ஆனா மருத்துவம் படிச்ச எல்லாரும் இந்த ஆத்தைப் பத்தி ஒரு வரியாவது படிச்சிருப்போம். அந்த வரியை மனப்பாடம் பண்ணி, பரீட்சையில எழுதி, மறந்தும் போயிருப்போம். நானும் அப்படித்தான் மறந்தேன். அதுக்கு ஒரு அம்மா விலை கொடுத்தாங்க. அதையும் சொல்றேன்.

நீளமான இழை. பொறுமையா படிங்க.

2.
அந்த ஒரு வரி இதுதான். காட்மியம் நஞ்சு: 'இத்தாய் இத்தாய்' நோய். சமூக மருத்துவத் தேர்வுல பொருத்துக பகுதியில வரும். பாதரசம்னா மினமாட்டா. காட்மியம்னா இத்தாய் இத்தாய். கோடு போட்டா ஒரு மார்க்.

ஜப்பானிய மொழியில 'இத்தாய்'னா 'வலிக்குது'. அவ்வளவுதான் அர்த்தம். கண்டுபிடிச்ச டாக்டர் பேரு கிடையாது, கிருமி பேரு கிடையாது. நோயாளிங்க கத்தின வார்த்தையே நோய்க்குப் பேரா நின்னுடுச்சு. 1955-இல் உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்த பிறகு அந்தப் பேரே ஊர் உலகம் முழுக்கப் பரவியது.

3.
இப்போ என் கதை. பல வருஷம் முன்னாடி, ஒரு அரசு மருத்துவமனையில நான் இளம் டாக்டர். ஓபில ஒரு நாளைக்கு இருநூறு பேர் வரிசை. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், வயல் வேலை பாக்கிற ஒரு அம்மா அடிக்கடி வருவாங்க. "தம்பி, உடம்பெல்லாம் வலிக்குதுப்பா. இருமினாக்கூட விலா எலும்பு வலிக்குது. கீழ உக்காந்தா எந்திரிக்க முடியல."

நான் என்ன பண்ணினேன்? சீட்டுல 'உடல் வலி'ன்னு எழுதி, ஒரு வலி ஊசி, ஒரு சத்து மாத்திரை. மூணு தடவை வந்தாங்க. மூணு தடவையும் அதேதான். நாலாவது தடவை அவங்க கூட்டத்துல நிக்கிறதைப் பாத்து, 'மறுபடியும் வந்துட்டாங்க'ன்னு மனசுக்குள்ள சலிச்சுக்கிட்டது எனக்கு இன்னிக்கும் ஞாபகம் இருக்கு.

4.
அன்னிக்கு என் மூத்த டாக்டர் ஒருத்தர் அந்த அம்மா நடந்து வர்றதை வாசல்லயே பாத்துட்டாரு. வாத்து நடக்கிற மாதிரி, ரெண்டு பக்கமும் ஆடி ஆடி நடை. "இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தியா?"ன்னு கேட்டாரு. எடுக்கலை.

எடுத்தோம். இடுப்பு எலும்பில ரெண்டு பக்கமும் கோடு கோடா விரிசல். ஆஸ்டியோமலேசியா. அதாவது எலும்பு மெதுவாகி, பச்சை மூங்கில் மாதிரி வளைஞ்சு விரிசல் விடற நோய். காரணம் சிறுநீரகக் குழாய்கள்ல இருந்த ஒரு பழுது. சரியான மருந்து குடுத்ததும் சில மாசத்துல அவங்க நிமிர்ந்து நடந்தாங்க.

ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். அவங்களுக்கு வந்தது காட்மியத்தால இல்லை. ஆனா சிறுநீரகக் குழாய் கெட்டா எலும்பு கெடும்ங்கிற பாடத்தை நான் படிச்சிருந்தேன். ஜின்சூ ஆத்தோட பாடமும் அதேதான். கோடு மட்டும் சரியா போட்டிருந்தேன்.

5.
அந்த வெக்கம்தான் என்னைப் பின்னாடி சிறுநீரக மருத்துவம் பக்கம் இழுத்துட்டுப் போச்சு. போன முறை ஒரு மாநாட்டுக்காக ஜப்பான் போனப்போ, ரெண்டு நாள் மிச்சம் பிடிச்சு அந்த ஆத்தைப் பாக்கக் கிளம்பினேன்.

மலைக்கு நடுவுல தகயாமான்னு ஒரு பழைய ஊர். ஊர் நடுவே மியாகவா ஆறு. கரையோரத்துல காலைச் சந்தை. தண்ணி கண்ணாடி மாதிரி, கீழ கிடக்கிற கூழாங்கல் எண்ணலாம். இந்த மியாகவாதான் ஜின்சூவோட மேல் பகுதி. ஒரே ஆறு, கிஃபு மாநிலத்துல ஒரு பேரு, தொயாமா மாநிலத்துல வேற பேரு.

6.
தகயாமாவிலிருந்து தொயாமாவுக்கு ரயில் இந்த ஆத்தைப் பிடிச்சுக்கிட்டேதான் போகுது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, கீழே ஆறு. ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடி ஜப்பான் கடல்ல கலக்குது. சுமார் 1,600 மீட்டர் உயரத்துல பொறந்து 120 கிலோமீட்டருக்குள்ள கடலுக்கு வந்தாகணும். அதனால வேகம் ஜாஸ்தி.

இனோதானிங்கிற இடத்துக்கிட்ட கிழக்கே இருந்து இன்னொரு ஆறு வந்து சேருது. பேரு தகாஹாரா. இது வட ஆல்ப்ஸ்னு அவங்க சொல்ற பெரிய மலைகள்ல இருந்து வருது. ரெண்டும் சேர்ந்த பிறகுதான் ஜின்சூன்னு பேரு.

இந்த இடத்தை மனசுல வச்சுக்குங்க. மியாகவா பக்கம் பிரச்சனை இல்லை. எல்லாம் தகாஹாரா வழியா வந்தது.

7.
தகாஹாரா கரையில காமியோகான்னு ஒரு சுரங்க ஊர். பல நூறு வருஷமா வெள்ளி, செம்பு, ஈயம் எடுத்த மலை. 1874-லிருந்து மிட்சுய் நிறுவனம் அங்க கால் பதிச்சது. 20-ஆம் நூற்றாண்டு தொடங்கினதும் துத்தநாகம் முக்கியமாச்சு. போர்க்காலம் வந்தா உலோகத்துக்கு கிராக்கி, உற்பத்தி ஏறும்.

துத்தநாகத் தாது இருக்கிற இடத்துல காட்மியமும் ஒட்டிக்கிட்டு இருக்கும். ரெண்டும் வேதியியல்ல நெருங்கிய சொந்தக்காரங்க. தாதுவை மாவு மாதிரி அரைச்சு, நுரையில மிதக்க விட்டு, வேணும்ங்கிறதை எடுத்துட்டு மிச்சத்தைக் கழுவி விடுவாங்க. அந்த மிச்சத்துல காட்மியம். அது போய்ச் சேர்ந்தது ஆத்துல.

8.
இப்போ புவியியல் தன் வேலையைக் காட்டுது. மலைக்குள்ள ஆறு வேகமா ஓடற வரைக்கும் அந்த நைசான துகள் எதுவும் கீழ படியாது. மலையை விட்டு தொயாமா சமவெளியில கால் வச்சதும் ஆறு விசிறி மாதிரி விரியுது. வேகம் குறையுது. அந்த இடத்துலதான் ரெண்டு கரையிலயும் வாய்க்கால் வெட்டி வயலுக்குத் தண்ணி பாய்ச்சினாங்க.

நெல் வயல்ல தண்ணியை நிறுத்தி வைப்போம் இல்லையா? துகளுக்கு அது ஒரு படுக்கை மாதிரி. அப்படியே அடியில படிஞ்சுடும். வருஷா வருஷம், ஒவ்வொரு போகத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா. வயலுக்குத் தண்ணி நுழையற மடை வாய்ல அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு.

9.
மருத்துவர் அல்லாத நண்பர்களுக்கு இது முக்கியம். நீங்க அந்தக் காலத்துல ஜின்சூவுல ஒரு டம்ளர் தண்ணியை மொண்டு பரிசோதனைக்கு அனுப்பியிருந்தா, கரைஞ்சு இருக்கிற காட்மியம் பயங்கரமா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. விஷம் பெரும்பாலும் தண்ணியோட வந்த நுண்துகள்ல இருந்தது. ஆறு ஒரு வண்டி மாதிரி. சரக்கை வயல்ல இறக்கி வச்சுட்டுப் போயிட்டே இருந்தது.

மண்ணிலிருந்து நெல், நெல்லிலிருந்து சோறு. இது போக, வாய்க்கால் தண்ணியைத்தான் குடிக்க, சமைக்க எல்லாத்துக்கும் எடுத்தாங்க. 'தண்ணி தெளிவாத்தானே இருக்கு'ன்னு சொல்றது பரிசோதனை ஆகாது.

10.
உடம்புக்குள்ள போன காட்மியம் என்ன பண்ணும்? முதல்ல கல்லீரல். அங்க ஒரு புரதம் அதைக் கட்டிப்பிடிச்சுக்கும். அப்புறம் மெல்ல சிறுநீரகத்துக்கு வந்து சேரும். வந்தா போகாது. சிறுநீரகத்துல இருக்கிற காட்மியம் பாதியா குறையவே 10 முதல் 30 வருஷம் ஆகும். ஒரு மனுஷ ஆயுள்ல பாதி!

சிறுநீரகத்துல ரெண்டு வேலை நடக்குது. முதல்ல ரத்தத்தை வடிகட்டறது. அடுத்தது, வடிஞ்சதுல நமக்கு வேணும்ங்கிறதைத் திரும்ப எடுத்துக்கிறது. இந்த இரண்டாவது வேலையைச் செய்யற குழாய்களைத்தான் காட்மியம் கெடுக்கும்.

11.
குழாய் கெட்டா பாஸ்பேட் சிறுநீர்ல வீணாப் போகும். வைட்டமின் டி-யை உடம்புக்கு உதவற மாதிரி மாத்தற வேலையும் சிறுநீரகத்துலதான் நடக்குது, அதுவும் குறையும். பாஸ்பேட்டும் இல்லை, வைட்டமின் டி-யும் வேலை செய்யலைன்னா எலும்பு கெட்டியாகாது.

முதல்ல இடுப்பு வலி, முதுகு வலி. அப்புறம் வாத்து நடை. அப்புறம் இருமினா விலா முறியும், படுக்கையில புரண்டா முறியும். முதுகெலும்பு நசுங்கி ஆளே குள்ளமாவாங்க. ஒரு நோயாளி உடம்புல 72 முறிவுகள் எண்ணப்பட்டதாப் பதிவு இருக்கு. கடைசி வரைக்கும் நினைவு தப்பாது. தெளிஞ்ச புத்தியோட 'வலிக்குது, வலிக்குது'ன்னு கிடப்பாங்க.

12.
நோயாளிகள்ல மிகப் பெரும்பாலானவங்க பெண்கள். அதுலயும் பல பிள்ளை பெத்த, மாதவிடாய் நின்ன வயசுப் பெண்கள்.

ஏன்? மாதவிடாய், பிரசவம் எல்லாத்துலயும் இரும்புச்சத்து போகும். இரும்பு குறைஞ்ச உடம்பு, குடல்ல இரும்பைப் பிடிக்கிற கதவை அகலமாத் திறந்து வைக்கும். காட்மியம் அதே கதவு வழியா உள்ள வந்துடும். ஒவ்வொரு கர்ப்பத்துலயும் பாலூட்டலிலயும் எலும்புலிருந்து சுண்ணாம்புச் சத்தும் கரையும். கடைசியா, மாதவிடாய் நின்னதும் எலும்பைக் காத்த ஹார்மோனும் போயிடும்.

வீட்டுல ஒரே பானைச் சோறு. ஒரே வாய்க்கால் தண்ணி. விழுந்தது அம்மாக்கள்.

13.
இனி அந்த டாக்டர். ஹகினோ நொபோரு. ஃபுச்சுங்கிற கிராமப் பகுதியில குடும்ப மருத்துவமனை. போருக்குப் போயிட்டு 1946-இல் ஊர் திரும்பினவர். திரும்பி வந்து பாத்தா, ஓபில ஒரே மாதிரி புகார். வலி, வலி, வலி.

அவர் முதல்ல என்ன நினைச்சார் தெரியுமா? அதிக உழைப்பு, போர்க்காலச் சாப்பாட்டுக் குறைவு. அதாவது சத்துக்குறைவு. அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. அந்தப் பக்கம் குளிர்காலத்துல வெயில் கம்மி, அதனால வைட்டமின் டி குறைவுன்னும் சொன்னாங்க. நியாயமான யூகம்தான்.

என்னோட 'சத்து மாத்திரை'யும் அதே யூகம்தான். வித்தியாசம் என்னன்னா, அவர் அங்கேயே நிக்கலை.

14.
ஹகினோ பண்ணின வேலை ரொம்ப எளிமையானது. ஒரு வரைபடத்தை எடுத்து, நோயாளிங்க வீடு ஒவ்வொண்ணுக்கும் ஒரு புள்ளி வச்சார்.

புள்ளிகள் சிதறலை. ஜின்சூவோட ரெண்டு கரையிலயும் கொத்தா விழுந்தது. கிழக்கே குமானோன்னு ஒரு சின்ன ஆறு, மேற்கே இடான்னு ஒரு ஆறு. ரெண்டும் கீழ போய் ஜின்சூவுல சேர்றவை. அந்த ரெண்டு ஆத்துக்கும் நடுவுல, ஜின்சூ தண்ணி பாயற வயல் இருக்கிற ஊர்கள்ல நோய். குமானோ தண்ணியும் இடா தண்ணியும் பாயற ஊர்கள்ல நோய் இல்லை.

15.
கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ரெண்டு பக்கமும் அதே ஜனங்க. அதே போர்க்காலப் பஞ்சம். அதே வயல் வேலை. அதே மேகம் மூடின குளிர்காலம். பிள்ளை பெத்த எண்ணிக்கைகூடக் கிட்டத்தட்ட அதேதான். வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு: எந்த ஆத்துத் தண்ணி.

லண்டன்ல ஜான் ஸ்னோ 1854-இல் காலராவுக்கு புள்ளி வச்ச கதை எல்லாருக்கும் தெரியும். நூறு வருஷம் கழிச்சு ஒரு ஜப்பானிய கிராமத்து டாக்டர் பண்ணினதும் அதே வேலைதான். லேப் வசதி கிடையாது, ஆராய்ச்சி நிதி கிடையாது. வீட்டு விலாசமும் ஆத்து வரைபடமும் போதுமா இருந்தது.

16.
ஆனா புள்ளி சந்தேகத்தைத்தான் கிளப்பும். எந்தப் பொருள்னு சொல்லாது. அதுக்கு ஆய்வகம் வேணும். வேளாண் அறிஞர் யோஷியோகா கின்இச்சியும், ஒகயாமா பல்கலைக்கழகத்தின் கோபயாஷி ஜுனும் சேர்ந்தாங்க. கோபயாஷி ஜப்பான் ஆறுகளோட தண்ணியை ஊர் ஊரா ஆராய்ஞ்சவர். தண்ணி, நெல், நோயாளிகளோட எலும்பு, உறுப்பு எல்லாத்தையும் நிறமாலைக் கருவியில வச்சுப் பாத்தப்போ காட்மியம் தெரிஞ்சது.

1961-இல் ஹகினோவும் யோஷியோகாவும் காட்மியம்தான் காரணம்னு மருத்துவ மாநாட்டில் அறிவிச்சாங்க. கைத்தட்டல் கிடைக்கலை. 'கிராமத்து டாக்டருக்கு விளம்பர ஆசை'ங்கிற மாதிரி ஏச்சுதான் கிடைச்சது.

17.
ஊருக்குள்ளயும் அவருக்கு எதிர்ப்பு. ஏன்னு புரிஞ்சுக்கணும். 'எங்க ஊர் நெல்லுல விஷம்'னு வெளிய தெரிஞ்சா அரிசி விக்காது. 'எங்க ஊர்ல இந்த நோய்'னு தெரிஞ்சா பையனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க. அதனால நோயாளிகளை உள் அறையில மறைச்சு வச்ச வீடுகள் இருந்தது. முன்வினைன்னு சொன்னவங்களும் உண்டு.

ஒரு நோயைக் கண்டுபிடிக்கிற டாக்டரை ஊர் உடனே கொண்டாடும்னு நினைக்காதீங்க. உண்மை சில பேரோட சோத்துல கை வைக்கும். ஹகினோ இதை வருஷக்கணக்கா தாங்கினார். வைத்தியத்தை நிறுத்தலை, பேசறதையும் நிறுத்தலை.

18.
1966-இல் பாதிக்கப்பட்ட ஊர் விவசாயிகள் சங்கமா சேர்ந்தாங்க. மார்ச் 1968-இல் நோயாளிகளும் இறந்தவங்க குடும்பத்தாருமா 28 பேர் வழக்குப் போட்டாங்க. எதிரே மிட்சுய். அதே வருஷம் மே 8-ஆம் தேதி ஜப்பான் சுகாதார அமைச்சகம் அதிகாரபூர்வமா ஒத்துக்கிட்டது: இது காட்மியத்தால் வரும் நோய், காட்மியம் வந்த இடம் காமியோகா. அந்த நாட்டுல தொழிற்சாலை மாசால வந்த நோய்னு அரசு அங்கீகரிச்ச முதல் நோய் இதுதான்.

1971 ஜூன் 30, தொயாமா மாவட்ட நீதிமன்றத்தில் மக்களுக்கு வெற்றி. கம்பெனி மேல்முறையீடு. 'காட்மியம் இல்லை, வைட்டமின் டி குறைபாடு'ன்னு வாதம். 1972 ஆகஸ்ட் 9, அங்கேயும் மக்களுக்கே வெற்றி.

19.
இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி வருது. தீர்ப்புக்கு மறுநாள் விவசாயிங்க டோக்கியோவுல கம்பெனி தலைமையகத்துக்குப் போய் பல மணி நேரம் உக்காந்து பேசினாங்க. மூணு தாள்ல கையெழுத்து வாங்கிட்டு வந்தாங்க.

முதல் தாள், நோயாளிகளுக்கு இழப்பீடு. இரண்டாவது, கெட்டுப்போன வயல் மண்ணைச் சரி பண்ணித் தரணும். மூணாவதுதான் அதிசயம்: ஊர் மக்கள் தேவைன்னு நினைக்கும்போது, தாங்கள் கூட்டிட்டு வர்ற நிபுணர்களோட தொழிற்சாலைக்குள்ள நுழைஞ்சு சோதிக்கலாம். செலவு கம்பெனியோடது.

காசு மட்டும் வாங்கிட்டு வந்திருக்கலாம். அவங்க கேட்டு வாங்கினது உள்ள நுழையற உரிமை.

20.
அந்த உரிமையை அவங்க சட்டம் போட்டு சுவர்ல மாட்டி வைக்கலை. 1972-இலிருந்து வருஷம் தவறாம விவசாயிகளும் விஞ்ஞானிகளும் வக்கீல்களுமா மலையேறிப் போறாங்க. கழிவுநீர்க் குழாய், புகைபோக்கி, கழிவு மண் தேக்கங்கள், கைவிட்ட பழைய சுரங்க வாய்கள் எல்லாத்தையும் பாக்கறாங்க. மாதிரி எடுக்கறாங்க. கேள்வி கேக்கறாங்க. கம்பெனி எழுத்துல பதில் தரணும்.

முதல்ல சண்டைக்காரங்க மாதிரிதான் உள்ள போனாங்களாம். வருஷம் போகப் போக, கம்பெனி பொறியாளர்களே சேர்ந்து வழி தேட ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு கசிவா அடைபட்டது.

21.
விளைவு? இன்னிக்கு ஜின்சூ தண்ணியில காட்மியம் லிட்டருக்கு சுமார் 0.1 மைக்ரோகிராம். சுரங்கமே இல்லாத ஆறுகள்ல இயற்கையா இருக்கிற அளவு அது. ஜப்பானோட தர வரம்பு லிட்டருக்கு 3 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தோட குடிநீர் வரம்பும் அதே 3-தான். நம்ம இந்தியத் தர நிர்ணயமும் அதேதான்.

கவனிங்க. வரம்புக்குக் கீழ வந்ததும் 'பாஸ்'னு விட்டுடலை. 'இந்தத் தொழிற்சாலை இல்லாம இருந்திருந்தா ஆறு எப்படி இருந்திருக்குமோ, அந்த அளவுக்கு வரணும்'னு இலக்கு வச்சாங்க. வரம்பில் முப்பதில் ஒரு பங்கு வரைக்கும் இறக்கினாங்க. இத்தனைக்கும் மேல மலையில அந்தத் தொழிற்சாலை இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

22.
ஆத்துத் தண்ணி புதுசு புதுசா ஓடி வரும். மண் அப்படி இல்லை. படிஞ்சது படிஞ்சதுதான். 1979-இல் தொடங்கின வயல் மீட்பு வேலை 2012-இல் தான் முடிஞ்சது. 33 வருஷம். மேல் மண்ணை வழிச்சு, ஆழமாப் பள்ளம் தோண்டிப் புதைச்சு, மேல வேற இடத்து நல்ல மண்ணைக் கொட்டி, வயலா மாத்தினாங்க. 800 ஹெக்டேருக்கு மேல. செலவு 4,000 கோடி யென்னுக்கு மேல.

வேலை தொடங்கினப்போ நாப்பது வயசு விவசாயி, முடிஞ்சப்போ எழுபத்து மூணு. பாதிப் பேர் பாத்திருக்கவே மாட்டாங்க.

23.
சிறுநீரகம் மண்ணை விட மோசம். அதுல படிஞ்சதை வழிச்சு எடுக்க வழியே இல்லை. அதிகாரபூர்வமா அங்கீகரிக்கப்பட்ட நோயாளிகள் சுமார் 200 பேர். எண்ணிக்கை குறைவா தெரியலாம். எலும்பு முறியற கட்டம் வரைக்கும் போனவங்கதான் அந்தக் கணக்குல. சிறுநீரகக் குழாய் மட்டும் கெட்டு, எலும்பு தப்பிச்சவங்க வேற. அவங்களுக்கு 2013-இல் வந்த கடைசி உடன்பாட்டுலதான் 6 லட்சம் யென் வீதம் கொடுக்க கம்பெனி ஒத்துக்கிட்டது. கம்பெனி மன்னிப்பும் கேட்டது.

ஆறு சுத்தமாகி எத்தனையோ வருஷம் கழிச்சு, 2015-இல் கூட ஒருத்தர் புதுசா நோயாளின்னு அங்கீகரிக்கப்பட்டார். சின்ன வயசுல சாப்பிட்ட சோறு.

24.
அந்த மலையைப் பத்தி இன்னொரு செய்தி. காமியோகாவுல தாது வெட்டறது 2001-இல் நின்னுபோச்சு. ஆனா அதே மலைக்குள்ள, ஒரு கிலோமீட்டர் ஆழத்துல இன்னிக்கு சூப்பர் காமியோகாண்டே இருக்கு. நியூட்ரினோங்கிற அணுத்துகளைப் பிடிக்கிற ஆய்வுக்கூடம். ரெண்டு நோபல் பரிசு அந்த மலையிலிருந்து வந்தது. 2002-இல் கொஷிபா, 2015-இல் கஜிதா.

அந்தக் கருவி வேற ஒண்ணுமில்லை, 50,000 டன் அதிசுத்தமான தண்ணி நிறைஞ்ச ஒரு பெரிய தொட்டி. உலகத்துலயே சுத்தமான தண்ணிகள்ல ஒண்ணு அந்த மலைக்குள்ள நிக்குது.

25.
2020-இல் ஆராய்ச்சிக்காக அந்தத் தண்ணியில கடோலினியம்ங்கிற உலோக உப்பைக் கலந்தாங்க. அதுக்கு முன்னாடி 2018-இல் தொட்டியைத் திறந்து, கசிவு இருந்த இடங்களை எல்லாம் அடைச்சாங்க. கலந்த தண்ணி சுத்தியிருக்கிற பாறைக்கும் ஆத்துக்கும் போயிடக்கூடாது இல்லையா?

மலையிலிருந்து ஆத்துக்கு என்ன போகுதுன்னு அந்தப் பள்ளத்தாக்குல யாரும் அசட்டையா இருக்க முடியாது. அந்தப் பழக்கத்தை உண்டாக்கினது நெல் விவசாயிங்க.

26.
தொயாமாவுல இந்த நோய்க்குன்னு அரசே நடத்தற ஒரு அருங்காட்சியகம் இருக்கு. 2012-இல் திறந்தது, அனுமதி இலவசம். நான் போன நாள் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைங்க கூட்டம் வந்திருந்தது. குனிஞ்சு குள்ளமாகிப் போன ஒரு பாட்டியோட படத்து முன்னாடி நின்னேன். அந்த இடுப்பு, அந்த நிக்கிற தினுசு எனக்கு நல்லாத் தெரிஞ்சது. எங்க ஓபி வரிசையில நின்ன அதே அம்மாதான்.

அன்னிக்கு சாயங்காலம் ஆத்தங்கரையில கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். ஒருத்தர் முழங்கால் தண்ணியில நின்னு தூண்டில் போட்டுக்கிட்டிருந்தார். கழுத்து வலிக்கிற உயரத்துல மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் மலை. ஒண்ணுமே நடக்காத ஆறு மாதிரி ஓடிக்கிட்டு இருந்தது.

27.
ஊருக்கு வந்த பிறகு நான் மாத்திக்கிட்டது ரெண்டே விஷயம்.

ஒண்ணு, 'உடம்பெல்லாம் வலி'ன்னு யார் மூணாவது தடவை வந்தாலும், உக்கார வச்சுட்டு, எந்திரிச்சு பத்தடி நடந்து காட்டச் சொல்றேன். ரெண்டு நிமிஷம் கூட ஆகாது.

ரெண்டு, புது நோயாளி சீட்டுல பேர், வயசு, ஊருக்குப் பக்கத்துல ஒரு வரி சேர்த்திருக்கேன்: குடிக்கிற தண்ணி எங்கேயிருந்து? கிணறா, போரா, ஆறா, கேனா? பக்கத்துல என்ன தொழிற்சாலை? பாதிப் பேர் 'இதெல்லாம் எதுக்கு சார்?'னு கேக்கறாங்க. ஹகினோ வச்ச மாதிரி புள்ளி வைக்க, முதல்ல விலாசம் வேணும்ல.

28.
கடைசியா ஒண்ணு. இதைப் படிச்சுட்டு யாரும் 'எனக்கு மூட்டு வலி, காட்மியமா இருக்குமோ'ன்னு பயப்பட வேண்டாம். வலிக்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணங்கள்தான். ஆனா வலி மாசக்கணக்கா விடாம இருந்தா, நடை மாறினா, லேசா இடிச்சதுக்கே எலும்பு முறிஞ்சா, ஊசி போட்டுட்டுப் போகாதீங்க. ரத்தத்துல கால்சியம், பாஸ்பேட், அல்கலைன் பாஸ்பட்டேஸ், வைட்டமின் டி, ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, ஒரு எக்ஸ்ரே. பெரிய செலவு இல்லை. டாக்டர் எழுதித் தரலைன்னா கேட்டு வாங்குங்க. அவர் சலிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை, கேளுங்க.

அந்த அம்மா நாலாவது தடவையும் வந்தாங்க பாருங்க. வராம இருந்திருந்தா அவங்களுக்கு என்ன ஆகியிருக்குமோன்னு இன்னிக்கும் நினைப்பேன்.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. ராத்திரி ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு வந்து பதில் சொல்றேன்.